கைக்கடிகாரத்திற்குத் தேதி தெரிவது எப்படி?

ஏப்ரல் மாதத்திற்கு 30 நாள்கள்; அதற்கு மறுநாள் மே 1. ஆனால் சாவி கொடுத்து ஓடும் சாதாரணத் தேதிக் கடிகாரம் அன்று காலை 31 என்று காட்டும். கட்டியிருப்பவர்தாம் குமிழைத் திருகி அதை 1-க்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாளில் சில நொடிகளே முன்பின்னாக ஓடும் நுட்பமான பொறி, ஒரு முழு நாள் தவறுவது ஏன்? இதே போன்ற சக்கரங்களையும் விற்களையும் கொண்ட வேறு சில கடிகாரங்கள் ஏப்ரலையும் பிப்ரவரியையும், ஏன், லீப் ஆண்டையும்கூடச் சரியாக அறிந்து நடக்கின்றனவே, அது எப்படி? அவற்றில் மின்கலம் இல்லை. கணிப்பொறிச் சில்லு இல்லை. இருப்பவை எல்லாம் பற்களும் பள்ளங்களுமே. அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

பன்னிரண்டு மணியும் இருபத்து நான்கு மணியும்

சாவி கொடுக்கும்போது கடிகாரத்தின் உள்ளே ஒரு சிறு உருளைப் பெட்டியில் இருக்கும் சுருள்வில் இறுகுகிறது. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் ‘மெயின் ஸ்பிரிங்’ என்று சொல்வது இதைத்தான். அது தளர முயலும் விசை, பல்சக்கர வரிசை ஒன்றின் வழியாகச் செல்கிறது. வரிசையின் கடைசியில் பேலன்ஸ் சக்கரம் இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டு, விசையைச் சிறிது சிறிதாக மட்டும் விடுவிக்கிறது. நம் காதில் விழும் ‘டிக் டிக்’ ஒலி இங்கேதான் பிறக்கிறது. பழைய கடிகாரங்கள் பலவற்றில் மணிக்கு 18,000 தடவையும், இக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் மணிக்கு 28,800 தடவையும் இந்த ஒலி எழுகிறது.

நிமிட முள்ளைத் தாங்கும் அச்சு ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். பல்சக்கரங்கள் இந்த வேகத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்து மணி முள்ளுக்குத் தருகின்றன. ஆகவே மணி முள் 12 மணி நேரத்திற்கு ஒரு முறை சுற்றுகிறது. இங்கே ஒரு சிக்கல் இருப்பதைக் கவனியுங்கள். நாள் என்பது 24 மணி நேரம். மணி முள்ளின் சக்கரத்தைக் கொண்டே தேதியைத் தள்ளினால், நள்ளிரவிலும் நண்பகலிலுமாக நாளுக்கு இரண்டு தடவை தேதி மாறிவிடும்.

தீர்வு எளியது. மணிச் சக்கரத்தோடு, அதைப்போல இரு மடங்கு பற்கள் உள்ள வேறொரு சக்கரத்தைப் பொருத்திவிட்டால், அது 24 மணி நேரத்திற்கு ஒரு முறைதான் சுற்றும். இதை நாள் சக்கரம் என்று அழைப்போம். தேதி காட்டும் கடிகாரங்களில் தேதியை நகர்த்துவது இந்தச் சக்கரம்தான். முகப்பைப் பார்த்து இது பகலா இரவா என்று நாம் சொல்ல முடியாவிட்டாலும், நாள் சக்கரத்திற்கு அது தெரியும்.

முப்பத்தொரு பற்கள்

முகப்புக்கு அடியில் வளையம் ஒன்று இருக்கிறது. அதன் மேல் 1 முதல் 31 வரை எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். வளையத்தின் உள்விளிம்பில் 31 பற்கள் இருக்கும். முகப்பில் வெட்டிய சிறு சாளரத்தின் வழியே ஓர் எண் மட்டும் வெளியே தெரியும். நாள் சக்கரத்திலிருந்து விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் சிறு உறுப்பு, நாளுக்கு ஒரு தடவை வந்து ஒரு பல்லைத் தள்ளிவிட்டுப் போகும். ஒரு வட்டத்தில் 360 பாகை. அதை 31-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11.6 பாகை. அதுவே வளையத்தின் ஒரு நாள் பயணம்.

தள்ளிவிட்ட வளையம் சரியான இடத்தில் நிற்க வேண்டும். கை ஆடும்போதெல்லாம் நகர்ந்துவிடக் கூடாது. இதற்காக ஒரு மெல்லிய வில், தன் கூரிய நுனியால் இரு பற்களுக்கு நடுவே அழுத்திக்கொண்டிருக்கும். இதைப் பிடிவில் என்போம். இயற்பியல் மாணவர்கள் இங்கே பழகிய பாடம் ஒன்றைக் காணலாம். பிடிவில்லின் நுனி பள்ளத்தில் இருக்கும் நிலை உறுதிச் சமநிலை. சற்று அசைத்தாலும் பழைய இடத்திற்கே திரும்பும். நுனி பல்லின் உச்சியில் இருக்கும் நிலை உறுதியில்லாச் சமநிலை. அங்கே அது நிற்காது, ஏதேனும் ஒரு பக்கம் சரிந்துவிடும். நாள் சக்கரத்தின் விரல் வளையத்தை ஒரு பல் தூரம் முழுவதும் தள்ளத் தேவையில்லை. பிடிவில்லின் நுனி உச்சியைத் தாண்டும் வரை தள்ளினால் போதும். மீதித் தூரத்தைப் பிடிவில்லே இழுத்து முடித்துவிடும்.

இதனால்தான் பல கடிகாரங்களில் இரவு பத்து மணியளவில் எண் மெல்ல நகரத் தொடங்குகிறது. பாதி எண்ணும் அடுத்த எண்ணின் பாதியும் சாளரத்தில் ஒன்றாகத் தெரிகின்றன. நள்ளிரவை ஒட்டி ஒரு துள்ளலில் புதிய தேதி வந்து அமர்கிறது.

விலை உயர்ந்த சில கடிகாரங்களில் இந்த மெதுவான நகர்வு இராது. அவற்றில் நாள் சக்கரத்தோடு ஒரு சரிவான தட்டும், அதன் விளிம்பில் அழுத்தும் நெம்புகோலும் வில்லும் இருக்கும். நெம்புகோல் பல மணி நேரம் சரிவில் மெல்ல ஏறி, வில்லில் நிலை ஆற்றலைச் சேர்த்து வைக்கும். நள்ளிரவில் சரிவு செங்குத்தாக முடியும் இடம் வந்ததும் நெம்புகோல் விழும்; சேர்ந்த ஆற்றல் அனைத்தும் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் வளையத்தைத் தள்ளிவிடும். கவணின் ரப்பரை மெல்ல இழுத்துச் சட்டென்று விடுவது போன்றதுதான் இது. தேதி மாற்றத்திற்குத் தேவையான வேலையை ஒரே நேரத்தில் கேட்டால் மெயின் ஸ்பிரிங் திணறும்; பேலன்ஸ் சக்கரத்தின் ஆட்டமும் குறையும். நாள் முழுவதும் தவணை முறையில் வாங்கிக்கொண்டால் அந்தச் சுமை தெரியாது.

முன்னாளில் முகப்பின் ஓரத்தில் 31 எண்களை எழுதி, தனி முள் ஒன்றால் தேதியைக் காட்டும் வழக்கமும் இருந்தது. 1945-இல் சுவிட்சர்லாந்தின் ரோலெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘டேட்ஜஸ்ட்’ என்னும் கைக்கடிகாரம், சாளரத்தில் தேதி காட்டும் முறையைப் புகழ்பெறச் செய்தது. அது கை அசைவினால் தானே சாவி ஏறிக்கொள்ளும் கடிகாரமும் ஆகும்.

இரவில் தேதியைத் திருத்தாதீர்கள்

இதுவரை சொன்னதிலிருந்தே ஒரு நடைமுறை எச்சரிக்கை கிடைக்கிறது. இக்காலக் கடிகாரங்களில் குமிழை ஒரு படி இழுத்துத் திருகினால் முட்கள் அசையாமல் தேதி மட்டும் மாறும். இந்த வசதியை இரவு 9 மணிக்கும் பின்னிரவு 3 மணிக்கும் இடையே பயன்படுத்தக் கூடாது என்று கடிகாரத்தோடு வரும் குறிப்புத் தாள்கள் பலவற்றில் எழுதியிருக்கும். காரணம் என்ன? அந்த நேரத்தில் நாள் சக்கரத்தின் விரல் வளையத்தின் பல்லுக்குள் நுழைந்திருக்கும். நாம் குமிழின் வழியாக வளையத்தை வேகமாகத் திருப்பும்போது, விரல் வழியை மறித்து நிற்கும். விளைவு, விரலோ பல்லோ முறியலாம். விரல் பின்வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்ட கடிகாரங்களும் உண்டு. ஆனால் நம் கடிகாரம் அவ்வகையைச் சேர்ந்ததுதானா என்பது வெளியே பார்த்தால் தெரியாது.

அறையின் நேரம் இங்கே முக்கியமன்று. கடிகாரத்தின் முட்கள் காட்டும் நேரமே முக்கியம். நின்றுபோன கடிகாரத்தில் முட்கள் 11 மணியைக் காட்டினால், அது இரவு 11 மணியாகவும் இருக்கலாம். எனவே பாதுகாப்பான முறை இது: முதலில் முட்களை நகர்த்தி 6 மணிக்குக் கொண்டுவாருங்கள். 6 மணி காலையானாலும் மாலையானாலும் விரல் பல்லை விட்டு விலகியே இருக்கும். பிறகு தேதியை நேற்றைய தேதியில் வையுங்கள். அதன் பின் முட்களை முன்னோக்கித் திருப்பிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் தேதி இன்றைய தேதிக்கு மாறும். அதுவே நள்ளிரவு. அங்கிருந்து சரியான நேரம் வரை முட்களைக் கொண்டு செல்லுங்கள். இப்படிச் செய்தால் தேதி நண்பகலில் மாறும் தொல்லையும் வராது.

கிழமை காட்டும் தட்டு இதே முறையில்தான் இயங்குகிறது. 31 பற்களுக்குப் பதில் அதற்கு 7 பற்கள். இரண்டு மொழிகளில் கிழமை காட்டும் தட்டுகளில் 14 பெயர்கள் மாறி மாறி எழுதப்பட்டிருக்கும். தட்டு நாளுக்கு இரண்டு இடம் தாவும். கிழமைக்குத் திருத்தமே தேவையில்லை. வாரம் எப்போதும் 7 நாள்தான் அல்லவா?

ஒழுங்கற்ற மாதங்கள்

தொல்லை தருவது மாதம். ஓர் ஆண்டில் 31 நாள் மாதங்கள் 7. 30 நாள் மாதங்கள் 4. பிப்ரவரி மட்டும் 28 அல்லது 29. பல்சக்கரம் எண்ணத் தெரிந்த பொறி. 31 என்று பல் வெட்டினால் 31 வரை எண்ணும். அதன் பிறகு முதலிலிருந்து தொடங்கும். ‘இந்த மாதம் எது?’ என்று கேட்டு நடக்க அதற்குத் தெரியாது. ஆகவே சாதாரணத் தேதிக் கடிகாரத்தை ஆண்டுக்கு 5 தடவை, அதாவது பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய மாதங்கள் முடிந்ததும் கையால் திருத்த வேண்டியிருக்கிறது.

பொறிக்கு மாதத்தை அறிவிக்க வேண்டுமானால், மாதங்களின் நீளத்தை எங்கேனும் எழுதி வைக்க வேண்டும். அதைக் காகிதத்தில் எழுதினால் பொறி படிக்காது. உலோகத்தில் வடிவமாக எழுதினால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். நிரந்தர நாள்காட்டிக் கடிகாரம் என்னும் அரிய பொறியின் அடிப்படை இதுவே.

உலோகத்தில் எழுதிய நினைவு

இத்தகைய கடிகாரத்தின் உள்ளே, 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றும் தட்டு ஒன்று உண்டு. 4 ஆண்டுகளுக்கு 48 மாதங்கள். ஆகவே அதன் விளிம்பு 48 பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 31 நாள் மாதத்திற்கு உரிய இடத்தில் விளிம்பு முழு உயரத்தோடு இருக்கும். 30 நாள் மாதத்திற்குச் சிறு பள்ளம். 29 நாள் பிப்ரவரிக்கு அதைவிட ஆழமான பள்ளம். 28 நாள் பிப்ரவரிக்கு எல்லாவற்றிலும் ஆழமான பள்ளம். மொத்தத்தில் 28 மேடுகள், 16 சிறு பள்ளங்கள், 1 நடுத்தரப் பள்ளம், 3 ஆழமான பள்ளங்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: 28×31, 16×30, 1×29, 3×28 ஆகியவற்றைக் கூட்டினால் 1,461 வரும். 4 ஆண்டுகளின் நாள்கள் சரியாக அவ்வளவுதான்.

இந்தத் தட்டைப் படிப்பது ஒரு பெரிய நெம்புகோல். நாள் சக்கரம் அதை நாளுக்கு ஒரு முறை அசைக்கும். நெம்புகோலில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது, நாள்தோறும் தேதிச் சக்கரத்தை ஒரு பல் தள்ளும் கை. இரண்டாவது, பறவையின் அலகு போன்ற கூரிய நுனி. இது மாதத் தட்டின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கும். மூன்றாவது, ஒரு கொக்கி. தேதிச் சக்கரத்தின் மேல் நத்தையின் ஓடுபோல வளைந்து, ஓரிடத்தில் மட்டும் படியாக இறங்கும் தட்டு ஒன்று இருக்கும். கொக்கி தேடுவது அந்தப் படியைத்தான்.

மாதத்தின் பெரும்பாலான நாள்களில் கொக்கிக்குப் படி எட்டாது. அது நத்தைத் தட்டின் வழவழப்பான விளிம்பில் வழுக்கிப் போய்விடும். தேதிச் சக்கரம் முதல் கையினால் ஒரு பல் மட்டும் நகரும். இப்போது சாதாரண ஆண்டின் பிப்ரவரி மாதம் என்று வைத்துக்கொள்வோம். அலகின் எதிரில் இருப்பது ஆழமான பள்ளம். அலகு அதற்குள் ஆழமாக இறங்குவதால் நெம்புகோல் வழக்கத்தைவிட அதிக தூரம் பின்னால் செல்ல முடிகிறது. அவ்வளவு பின்னால் சென்ற கொக்கி, 28-ஆம் தேதி இரவிலேயே படியைப் பிடித்துவிடுகிறது. நெம்புகோல் முன்னால் வரும்போது கொக்கி தேதிச் சக்கரத்தை 29, 30, 31 என்று மூன்று பற்கள் இழுத்து வருகிறது. கடைசியில் முதல் கை இன்னும் ஒரு பல்லைத் தள்ளி 1-இல் நிறுத்துகிறது. ஒரே இரவில் நான்கு பற்கள்! ஏப்ரலில் பள்ளம் சிறியது. எனவே கொக்கி 30-ஆம் தேதிதான் படியைப் பிடிக்கும். சக்கரம் இரண்டு பற்கள் நகரும். 31 நாள் மாதத்தில் பள்ளமே இல்லை. கொக்கிக்கு வேலையும் இல்லை. 31-இலிருந்து 1-க்கு மாறும்போது மாதத் தட்டும் ஒரு பாகம் திரும்பி அடுத்த மாதத்தைக் காட்டி நிற்கும்.

பள்ளத்தின் ஆழமே மாதத்தின் நீளம் என்பதை இப்போது காண்கிறோம். பொறி இங்கே கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. மனிதன் முன்பே கணக்கிட்டு வெட்டி வைத்ததைத் தொட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். வேறு சில கடிகாரங்களில் 12 பாகங்கள் கொண்ட தட்டும், பிப்ரவரிக்காக மட்டும் தனியே திரும்பும் சிறு உறுப்பும் இருக்கும். தத்துவம் ஒன்றே.

மணிக்கு 28,800 தடவை ஒலிக்கும் கடிகாரத்தில், 48 பாகத் தட்டு ஒரு முழுச் சுற்று வருவதற்குள் ‘டிக்’ ஒலி ஏறத்தாழ 101 கோடி தடவை எழுந்திருக்கும். நொடிக்கு எட்டு முறை துடிக்கும் சக்கரமும் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் தட்டும் ஒரே கூட்டுக்குள் இணைந்திருக்கின்றன.

இந்தக் கருத்து புதியதன்று. லண்டனைச் சேர்ந்த தாமஸ் மட்ஜ் என்னும் கடிகாரக் கலைஞர் 1762-ஐ ஒட்டி நிரந்தர நாள்காட்டியுடன் சட்டைப்பைக் கடிகாரம் செய்தார். இங்கிலாந்து இன்றைய கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியது 1752-இல்தான். சுவிட்சர்லாந்தின் பட்டேக் பிலிப் நிறுவனம், 1898-இல் செய்து வைத்திருந்த சிறிய பொறி ஒன்றைப் பயன்படுத்தி 1925-இல் இந்த அமைப்பைக் கைக்கடிகாரத்தில் கொண்டுவந்தது. 1985-இல் ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்தின் கர்ட் கிளாஸ், தேதி, கிழமை, மாதம், ஆண்டு எல்லாவற்றையும் ஒரே குமிழினால் ஒருங்கே திருத்தும்படி அமைத்தார். ஆனால் ஒரு நாள் கூடுதலாகத் திருகிவிட்டால் பின்னோக்கி வர அதில் வழியில்லை. அந்த நாள் வரும்வரை கடிகாரத்தை நிறுத்தி வைக்க வேண்டியதுதான். 1996-இல் லுட்விக் ஓக்ஸ்லின் வடிவமைத்த கடிகாரம் முன்னும் பின்னும் திருத்தும் வசதியைத் தந்தது. அதே 1996-இல் பட்டேக் பிலிப், 30-க்கும் 31-க்கும் வேறுபாடு அறிந்த, பிப்ரவரி முடிவில் மட்டும் ஆண்டுக்கு ஒரு தடவை திருத்தம் வேண்டும் எளிய வகையை வெளியிட்டது. இதை ஆண்டு நாள்காட்டி என்பர்.

நிலவும் முழு எண்ணும்

சில கடிகாரங்களின் முகப்பில் வளர்பிறையும் தேய்பிறையும் தெரியும். அதன் அடியில் இரண்டு நிலவுகள் வரைந்த தட்டும், அதற்கு 59 பற்களும் இருக்கும். நாளுக்கு ஒரு பல் வீதம் நகர்ந்தால் ஒரு நிலவு கடந்து செல்ல 29.5 நாள் ஆகும். ஆனால் ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53059 நாள். மாதந்தோறும் ஏறக்குறைய 44 நிமிடம் பிசகுகிறது. சுமார் 2 ஆண்டு 8 மாதத்தில் பிசகு ஒரு நாளாகிவிடும். 135 பற்கள் கொண்ட தட்டும் அதற்கேற்ற இணைச் சக்கரங்களும் வைத்தால், ஒரு நாள் பிசக 122 ஆண்டுகள் ஆகும். ஒரு சக்கரத்தில் அரைப் பல் வெட்ட முடியாது. நிலவோ முழு எண்ணுக்குக் கட்டுப்படுவதில்லை. பொருத்தமான பல் எண்ணிக்கைகளைத் தேடிப் பிசகைக் குறைப்பதே கடிகாரக் கலைஞர் செய்யக்கூடியது.

2100-ஆம் ஆண்டில் என்ன நடக்கும்?

நிலவைப் போலவே ஆண்டும் முழு நாள்களால் ஆனதன்று. பருவங்கள் திரும்பி வரும் ஆண்டின் நீளம் சுமார் 365.2422 நாள். நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் ஆண்டு என்று வைத்தால் சராசரி 365.25 ஆகிறது. இந்தச் சிறு மிகுதி பல நூற்றாண்டுகள் சேர்ந்ததால்தான், 1582-இல் போப்பாண்டவர் 13-ஆம் கிரிகோரி நாள்காட்டியைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. மேலும், நூறால் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு என்ற விதியும் வந்தது. 2000 லீப் ஆண்டாக இருந்தது. 2100 லீப் ஆண்டு ஆகாது.

ஆனால் 48 பாகத் தட்டில் எழுதியிருப்பது நான்கு ஆண்டு விதி மட்டுமே. அதற்கு நூற்றாண்டு விதி தெரியாது. எனவே 2100 பிப்ரவரி 28-க்கு மறுநாள், உலகம் மார்ச் 1 என்று கொண்டாட, ‘நிரந்தர’ நாள்காட்டிக் கடிகாரங்களில் பெரும்பாலானவை பிப்ரவரி 29 என்று காட்டும். அன்று அவற்றை ஒரு நாள் முன்னே நகர்த்த வேண்டும். 1989-இல் பட்டேக் பிலிப் முடித்த ‘கேலிபர் 89’ என்னும் சட்டைப்பைக் கடிகாரத்தில் நூற்றாண்டு விதியும் சேர்க்கப்பட்டது. 2024-இல் ஐ.டபிள்யூ.சி. வெளியிட்ட கைக்கடிகாரம் ஒன்றில் 400 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் சக்கரம் இருக்கிறது. 400 ஆண்டில் விலக்க வேண்டிய மூன்று லீப் நாள்களுக்காக அதில் மூன்று பள்ளங்கள் வெட்டப்பட்டுள்ளன. இங்கும் அதே முறைதான்: விதி நீண்டால், அதை எழுத இன்னொரு சக்கரம்.

மாணவர்கள் இதைத் தாமே செய்து பார்க்கலாம். அட்டையில் ஒரு வட்டம் வரைந்து 48 சம பாகங்களாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 7.5 பாகை. ஒரு லீப் ஆண்டின் ஜனவரியிலிருந்து தொடங்கி, 31 நாள் மாதங்களை அப்படியே விட்டு, 30-க்கு 2 மில்லிமீட்டரும், 29-க்கு 4 மில்லிமீட்டரும், 28-க்கு 6 மில்லிமீட்டரும் ஆழமாக விளிம்பை வெட்டுங்கள். நடுவில் குண்டூசி குத்தி, தட்டைச் சுழற்றி, ஒரு தீக்குச்சியின் நுனியால் விளிம்பைத் தடவிக்கொண்டே வாருங்கள். கண்ணை மூடிக்கொண்டும் உங்கள் விரல்களுக்கு எது பிப்ரவரி என்று தெரியும். கடிகாரத்தின் நெம்புகோலுக்கும் தேதி தெரிவது இவ்வாறே.